என் ஏரியை வற்ற வை

பாப்பா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் உன் அலுவலகத்தில் கேக் வெட்டிய படத்தை இந்தக் குழுவிலேயே பார்த்தேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறு மட்டும் எரிகிறது. போனில் பேசி முடிக்க வேண்டிய வீட்டு விஷயத்தை நாற்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அப்பா ஏன் கொட்டுகிறார் என்று நீ பல்லைக் கடிப்பாய். கடித்துக்கொள். உன் மாமன் பெயரையும் படத்தையும் போட்டு ‘கவனம் தேவைப்படும் ஊர்’ என்று நீ எழுதியதும் இதே குழுவில்தான். அவனை எங்கே தலைகுனிய வைத்தாயோ அங்கேயேதான் நானும் பேசுவேன். நம் வீட்டைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீ செய்திருக்கும் விளையாட்டுக்கு நிழலூர் என்று பெயர் வைத்தாய். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் போனுக்குள் ஓர் ஊர் கிடைக்கும். ஓர் ஏரி, கொஞ்சம் வயல், நாலு தெரு, பறவைகள். நிஜத்தில் அந்த ஆள் எவ்வளவு கரண்ட் செலவழிக்கிறார், எவ்வளவு தண்ணீர் இறைக்கிறார், எந்த வண்டியில் போகிறார், குப்பையை என்ன செய்கிறார் என்று வாரா வாரம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொன்னதற்குத் தகுந்தபடி அந்த ஊர் செழிக்கும், அல்லது காயும். தை பிறந்ததும் எல்லோருக்கும் வெளியிடப்போகிறோம், அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் ஆடிப் பாருங்கள் என்று எங்களையும் சேர்த்தாய். பெருமையாகத்தான் சேர்ந்தேன். சுரங்கத்துப் பம்ப் ஹவுஸில் என்னோடு ஷிப்ட் பார்க்கிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, “எம் பொண்ணு பண்ணது” என்று காட்டினேன். உன் மாமன் கம்மாபுரத்துப் பக்கம் தன் வயலில் நின்றுகொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஏற்றி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போட்டான். அவன் போட்டது எல்லாமே உண்மை. அதுதான் அவன் செய்த தப்பு.

என் கதையைக் கேள். மின்வாரிய இணைப்பு எண் என்று ஒரு கட்டம் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப் க்வார்ட்டர்ஸில் ஏது வாரிய எண்? நமக்குக் கரண்ட் வாரியத்திடமிருந்து வருவதில்லை, சுரங்கமே கொடுக்கிறது என்பது இங்கே வளர்ந்த உனக்குத் தெரியாதா? கட்டத்தைக் காலியாக விட்டேன். உன் விளையாட்டு அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு ஏசி ஓடுகிற வீடு இது. உன் அம்மா இன்றைக்கும் வெந்நீரையும் சாம்பாரையும் சுருள் ஹீட்டரில்தான் வைக்கிறாள். காலை ஐந்து மணிக்குச் சிவக்கிற அந்தச் சுருள் பத்து மணிக்குத்தான் கறுக்கும். இந்த வீட்டுக்குப் பூஜ்ஜியம். வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டாய். சைக்கிளில் வருகை பதிகிற டைம் ஆபீஸ் வரை, அங்கிருந்து மைன்ஸ் பஸ் என்று போட்டேன். வீட்டைச் சுற்றி எத்தனை மரம் என்று கேட்டாய். பலா, மா, வேம்பு, புங்கன் என்று ஒன்று விடாமல் எண்ணிப் போட்டேன். தொழில் என்ன என்ற கேள்விக்கு விவசாயம், வியாபாரம், மாணவர், அலுவலகம், மற்றவை என்று ஐந்து பதில் வைத்திருந்தாய். சுரங்கத்தில் பம்ப் ஓட்டுகிறவன் ‘மற்றவை’யில்தானே வருவான்? அதைத் தொட்டேன். மறுநாள் காலையில் என் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு மயில் தோகையை விரித்து ஆடியது. ‘இந்த வாரத்தின் பசுமை ஊர்’ என்று என் பெயரைப் போட்டாய். இந்தக் குழுவில் இருக்கிறவர்கள் கைதட்டினார்கள்.

அதற்கு நேர் கீழே உன் மாமன். நீர்மூழ்கி மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, என்ன பயிர், வைக்கோலை என்ன செய்கிறாய் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் அவன் நெஞ்சில் கைவைத்துப் பதில் சொன்னான். அவனுடைய ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ‘அளவுக்கு மீறி மோட்டார் ஓடியதால் உங்கள் ஏரி வற்றிவிட்டது. மோட்டாரைக் குறைத்தால் கொக்குகள் திரும்பும்’ என்று உன் விளையாட்டு அவனுக்குப் புத்தி சொன்னது. அது போதாதென்று நீயும் குழுவில், ‘மாமா, மோட்டாரைக் கொஞ்சம் குறைங்க’ என்று அழுகிற மூஞ்சி ஒன்றைப் போட்டாய். உடனே முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்து, ‘நீர்தானே ஐயா உயிர்’ என்று எழுதினார். நாற்பது வருடமாகச் சேற்றில் நிற்கிறவனுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லிக்கொடுக்கிறார். நன்றாக இருக்கிறது உங்கள் உலகம்.

அன்றைக்கே அவன் எனக்குப் போன் செய்தான். “இன்னா மாமா, நெசத்துல வத்தனது பத்தாதுன்னு போன்லயும் வத்திப்போச்சி” என்று சிரித்தான். சிரித்து முடித்ததும், “எம் படத்தப் போட்டு எல்லாருக்கும் காட்டிக்கினு இருக்குது பாப்பா. நான் அப்பிடி இன்னா மாமா அழிச்சிட்டேன்?” என்று கேட்டான். அதில் சிரிப்பு இல்லை. நான் ஏதோ சமாளித்துப் போனை வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா கரண்டியை மேடையில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். “எந்தம்பியக் கொண்டாந்து தெருவுல நிக்க வச்சிட்டா ஒங்க பொண்ணு. நீங்க மயிலு பாத்துக்கினு ஒக்காந்திருக்கீங்க” என்றாள். அன்றிலிருந்து அவள் உன் போனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நீ இரண்டு தடவை என்னிடம் கேட்டாய் அல்லவா? இதனால்தான்.

உன்னிடம் நான் சண்டை போட்டபோது நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “அப்பா, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கையால செய்றதத்தான் காட்ட முடியும். அவ்ளோ பெரிய மைன்ஸ எப்படிப்பா ஒரு ஆள் தலையில போடறது? வேணும்னா மாமா பேர எடுத்துடறேன்.” நீ படித்தவள், பதில் சுத்தமாகத்தான் இருக்கிறது. சுரங்கத்தை என் தலையில் கட்டு என்று நானும் சொல்லவில்லை. கட்டுவதென்றால் உன்னையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். பதினாலாவது மாடியில் குடியிருந்துகொண்டு நீ சார்ஜ் ஏற்றுகிற உன் பேட்டரி ஸ்கூட்டருக்குக் கரண்ட் ஆகாயத்திலிருந்தா சொட்டுகிறது? அதில் இங்கே எரிகிற நிலக்கரியும் ஒரு துளி இருக்கும். உன் ஊரும் பச்சையாகத்தான் இருக்கிறது, பார்த்தேன். புகை இங்கே, பச்சை அங்கே. ஆனால் என் கோபத்துக்கு அது காரணமில்லை. ‘அளவுக்கு மீறி மோட்டார் ஓடியதால்’ என்று உன் விளையாட்டு உன் மாமனுக்குச் சொன்னதே, அந்த வாக்கியம்தான் காரணம். ஏனென்றால் அது என்னுடைய வாக்கியம்.

உனக்கு அப்போது எட்டு வயது. உன் மாமன் வயலில் ஒரு குழாய்க் கிணறு இருந்தது. மோட்டாரே கிடையாது. நிலத்துக்கு அடியில் இருக்கிற அழுத்தத்தில் தண்ணீர் தானாகவே மேலே வந்து இரவும் பகலும் வாய்க்காலில் ஓடும். பரீட்சை லீவில் நீ அதன் அடியில் உட்கார்ந்து உதடு நீலமாகிற வரை எழுந்திருக்க மாட்டாய். அந்த வருடம் அது மெலிந்து மெலிந்து, ஒரு நாள் நின்றுவிட்டது. அவன் ஈரத் துண்டும் கையுமாக நேராக நம் க்வார்ட்டர்ஸுக்கு வந்தான். நீ ஹாலில் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாய். “மாமா, நீங்க பம்புலதான வேல பாக்கறீங்க. தண்ணி எதனால நின்னுச்சின்னு ஒங்களுக்குத் தெரியும். உள்ளதச் சொல்லுங்க” என்றான்.

எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான். நிலக்கரிக்கு அடியில் பெரிய நீரூற்று இருக்கிறது. அதை இறைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். இறைப்பதை நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வரும், உள்ளே இருக்கிறவர்கள் பிழைக்க முடியாது. அதனால் மூன்று ஷிப்டும் பம்ப் ஓட வேண்டும். தீபாவளிக்கும் ஓடும், பொங்கலுக்கும் ஓடும். அவன் குழாயில் பொங்கியதும் நான் இறைத்ததும் ஒரே ஊற்று. முழுக்க எங்கள் பம்பினால்தான் நின்றது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். மழையும் குறைந்திருந்தது, சுற்றுவட்டத்தில் கரும்பும் குடித்தது. ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு காரணத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் சொன்னேன். “மழ சரியில்ல மச்சான். அதோட ஆளாளுக்குக் கரும்ப வச்சிக்கினு அளவுக்கு மீறி மோட்டார் ஓட்டினா தண்ணி எப்பிடி நிக்கும்?” என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அந்த வருடம்தான் எனக்குக் காண்ட்ராக்ட் போய் பர்மனென்ட் ஆகியிருந்தது, இந்த வீடு கிடைத்திருந்தது. நாளைக்கு இவன் எங்கேயாவது மனு கொடுக்கப்போய், எங்க மாமாவே சொன்னார் என்று என் பெயரை இழுத்தால் என்ன ஆவது என்ற பயம். வெறும் பயம். என் மனைவியின் தம்பி, என்னை நம்பிப் பஸ் ஏறி வந்தவன், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீ ஏரிக்கு நீலம் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய்.

இத்தனை வருடம் கழித்து அதே பொய்யை அதே ஆளிடம் நீ சொல்லியிருக்கிறாய், அதுவும் கொக்குப் படம் போட்டு. நீ தெரிந்து சொல்லவில்லை, தெரியும். அதனால்தான் எனக்கு உன்மேல் வருகிற கோபம் பாதி வழியில் திரும்பி என்மேலேயே வந்து விழுகிறது. எங்கள் பம்ப் ஹவுஸில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் பம்பை விட்டு நகரக் கூடாது. வந்ததும் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், இது ஓடுகிறது, இது நிற்கிறது, இதில் சத்தம் வருகிறது பார்த்துக்கொள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுத்தான் சைக்கிளை எடுக்க வேண்டும். பழுதை மறைத்து ஒப்படைத்துவிட்டுப் போகிறவனை எவனும் மனிதனாக மதிக்க மாட்டான். முப்பது வருடத்தில் ஒரு நாளும் நான் அப்படிச் செய்ததில்லை. உனக்கு மட்டும் அப்படித்தான் ஒப்படைத்திருக்கிறேன். பம்ப் ஓடுகிறது என்பதையே சொல்லாமல், ஹீட்டர் வெந்நீரில் குளிப்பாட்டி, மர நிழலில் பள்ளிக்கு அனுப்பி, பச்சை என்றால் நம் தெருதான் என்று உன்னை வளர்த்துவிட்டேன். இந்த மரங்கள் குடிப்பதும் சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீரைத்தான். அதையும் உனக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே கம்மாபுரத்துக்குப் போனேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் வரவில்லை. உன் மாமன் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, உள்ளே போன பல்லியைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது. அவன் குச்சியைக் கீழே போடவே இல்லை. “அப்ப பம்பாலதானா மாமா?” என்றான். “பம்பாலயும்தான்” என்றேன். அவன் பக்கத்து வயலைப் பார்த்தான். அது அவனுடைய சித்தப்பா மகனின் கரும்பு வயல். ஊற்று நின்ற மறுவருடம் இரண்டு பேருக்கும் வரப்பில் பெரிய சண்டை, பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வயல்காட்டுத் தகராறு என்று நானும் எல்லோரையும் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சண்டை என் வாயிலிருந்து கிளம்பியது என்று எனக்கு அந்தக் கொட்டகையில் நின்றபோதுதான் உறைத்தது. “நீங்க சொன்னீங்கன்னுதான மாமா அவன்கிட்ட சண்டைக்கிப் போனேன். ‘ஒங் கரும்புதாண்டா எந்தண்ணியக் குடிக்குது’ன்னு கேட்டேன். பதினெட்டு வருஷமாச்சி. எங்க சித்தி செத்ததுக்குக்கூட நான் போவல. எனக்குச் சோறு போட்டு வளத்த சித்தி” என்றான்.

செருப்பைக்கூடப் போடாமல் வரப்பில் நடந்தான். நான் கொட்டகையிலேயே நின்றேன். அந்தப் பக்கம் அந்தச் சித்தப்பா மகன் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தான். உன் மாமன் வரப்பு ஓரத்தில் போய் நின்று ஏதோ சொன்னான். கையை என் பக்கம் காட்டினான். அந்த ஆள் நிமிரவில்லை. சோகையை உரித்துப் பின்னால் போட்டுக்கொண்டே அடுத்த பாத்திக்குப் போய்விட்டான். உன் மாமன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். “நீங்க வூட்டுக்குப் போங்க மாமா. இன்னிக்கி எங்கையால ஒங்களுக்குச் சோறு போட முடியாது” என்றான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பிடாமல் நான் திரும்பியதே இல்லை. ரோடு வரை நடந்து வந்து பஸ் ஏறினேன்.

இப்போது சொல்கிறேன், மாமன் பெயரை மட்டும் எடுத்துவிட்டு இதை முடிக்கலாம் என்று நினைக்காதே. பெயரை எடுத்தால் அவமானம் மறையும், பொய் அப்படியே இருக்கும். அது தை மாதத்தில் எத்தனை பேருடைய போனுக்குப் போகும் என்று யோசித்துப் பார். உன் உலகத்தை நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். வானம் இருக்கிறது, மேகம் இருக்கிறது, கொக்கின் கால்கூடச் சரியாக இருக்கிறது. நிலத்துக்கு அடியில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு ஊரையும் தனித்தனித் தட்டில் வைத்தது போல வைத்திருக்கிறாய். ஒருவன் இறைத்தால் இன்னொருவன் ஏரி இறங்க வழியே இல்லை. சுரங்கத்து ஊரில் பிறந்த பெண், பள்ளிக்கூடத்தில் மைன்ஸைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தவள், நிலத்துக்கு அடியில் எதுவும் இல்லாத உலகத்தை எப்படிச் செய்தாய்? எல்லா ஊருக்கும் அடியில் ஒரே தண்ணீரை வை. நான் இறைப்பது அவன் ஏரியில் தெரியட்டும். நீ சார்ஜ் போடுவது என் பம்பில் தெரியட்டும். தொழில் என்ற கேள்வியில் ‘மற்றவை’யை எடுத்துவிட்டு, நீங்கள் என்ன ஓட்டுகிறீர்கள், அது யாருடைய தண்ணீர் என்று கேள். கஷ்டம், நேரம் இல்லை, தை நெருங்கிவிட்டது என்று சொல்லாதே. முடியாவிட்டால் தையில் வெளியிடாதே. ஒரு விளையாட்டு தள்ளிப்போனால் யாருடைய பயிரும் காய்ந்துவிடாது.

எனக்கு இன்னும் ஏழு மாதம்தான் சர்வீஸ். அதற்கப்புறம் பம்பை வேறொருவன் ஓட்டுவான், இந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வரும். சுரங்கம் நின்றால் நீ படித்திருக்க மாட்டாய், நாமும் இந்தக் குழுவில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அதையும் மறைக்கவில்லை. பம்ப் ஓட்டியதற்காக நான் வெட்கப்படவில்லை. ஓடுகிறது என்று சொல்லாததற்காகத்தான் வெட்கப்படுகிறேன். குழுவில் இருக்கிறவர்களும் கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் கைதட்டியது என் பொய்க்கு. அந்த அம்மாள் புத்தி சொன்னது உண்மை சொன்ன ஒரே ஆளுக்கு.

இதை எழுதிவிட்டு உன் விளையாட்டைத் திறந்து பார்த்தேன். ஏரி தளும்புகிறது. அந்த மயில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. என் ஏரியை வற்ற வை, பாப்பா. அடிமண் தெரிகிற வரை வற்ற வை. வற்றியதும் எனக்குப் போன் செய்யாதே. பஸ் ஏறி வந்து, முதலில் உன் மாமனிடம் காட்டு.

அப்பா